நத்தார்க் காலத்துத் துக்கத்துக்குக் கொழும்பில் எங்கே போகலாம்? சுமித்ரயோவும் 1926உம் மற்றவையும்: ஒரு மதிப்பீடு

டிசம்பரில் துக்கத்தோடு இருக்கும் ஒருவரைக் கொழும்பில் எங்கே அனுப்பலாம் என்று கேட்டால் எங்கள் பதில் சுருக்கமானது. பகலென்றால் கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸ் 60பி இலக்கத்தில் இருக்கும் சுமித்ரயோ என்ற தொண்டர் அமைப்பு. இரவென்றால் 1926 என்ற தொலைபேசி இலக்கம். தேவாலயத்தில் ஒப்புக்கொடுக்கும் பூசை, சானல் பண்ணிப் பார்க்கும் வைத்தியர், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் ஏற்றும் மெழுகுதிரி எல்லாமே உதவும். ஆனால் 25ஆம் திகதி பின்னேரம், ஒழுங்கை முழுக்கப் பட்டாசு வெடிக்கும்போது, "அம்மா இல்லாத முதல் நத்தார்" என்று வாய்விட்டுச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தமிழில் கேட்பாரா, அவசரப்படுத்தாமல் கேட்பாரா, விடுமுறை நாளிலும் கிடைப்பாரா என்பவைதான் எங்கள் அளவுகோல்.

தமிழ் பேசும் வீடுகளுக்கு இந்த மாதத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சைவ வீட்டில் சாவு நடந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி வரை துடக்கு, கோயிலுக்குப் போவதில்லை. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஒருவர் காலமானால், அந்த நாட்கள் பெரும்பாலும் மார்கழித் திருவெம்பாவையோடு சேர்ந்துவிடும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஊரே விடியற்காலை கோயிலுக்குப் போக, துக்க வீட்டுக்காரர் மட்டும் கதவுக்கு உள்ளே இருப்பார்கள். அந்தியேட்டி முடிந்தாலும் ஆண்டுத் திவசம் வரை பொங்கல் பானை ஏறாது. கொட்டாஞ்சேனையில் ஒரு கிறிஸ்தவ வீடென்றால் மரம் சோடிக்கமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். கரோல் குழு படியேறி வரும்போது கதவைத் திறப்பதா விடுவதா என்று தவிப்பார்கள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் 4 மாதமும் 10 நாளும் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பார். இந்த வழக்கங்களைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. துக்கப்படுவதற்கு ஓர் இடத்தையும் காலத்தையும் அவைதான் தருகின்றன. ஆனாலும் எல்லோரும் கூடுகிற மாதத்தில் அவை ஒருவரைத் தனியாக இருத்திவிடுகின்றன. வாசலைத் தாண்டாமலே கிடைக்கும் தொலைபேசிச் சேவைக்கு இங்கே பெறுமதி கூடுவது இதனால்தான்.

இதற்குமேல் டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு சுனாமி வந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் காலை 9.25க்கு நாடு முழுதும் இரண்டு நிமிட மௌனம். நத்தாருக்கு மறுநாளே வானொலியும் தொலைக்காட்சியும் சாவைப் பற்றிப் பேசும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயக் குண்டுத்தாக்குதலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு உயிர்த்த ஞாயிறு மட்டுமல்ல, கோயில் மணி அடிக்கும் எந்தப் பெருநாளும் கடினம். இப்படியான ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், 24ஆம் திகதி இரவையும் 26ஆம் திகதி காலையையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

சுமித்ரயோ 1974இல் ஜோன் டி மெல் தொடங்கியது. மனம் உடைந்தவர் பேசுவதைக் கேட்கும் உலகளாவிய பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்போடு இணைந்தது. சமயச் சார்போ அரசியற் சார்போ இல்லை. பயிற்சி பெற்ற தொண்டர்கள் கேட்பார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். நேரில் போக முன்பதிவு தேவையில்லை. பெயரைச் சொல்லவும் தேவையில்லை. தொலைபேசி 011 2696666. வழமையான நேரம் காலை 9 முதல் இரவு 8 வரை, விடுமுறை நாட்களும் சேர்த்து. என்றாலும் 24, 25, 31ஆம் திகதிகளில் நேரில் போவதாக இருந்தால் காலையில் ஒருமுறை அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். துக்கத்தில் இருப்பவர் ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால் மறுமுறை போகமாட்டார்.

இந்தச் சேவையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அழைப்பவர் "நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேட்பார். தொண்டர் விடை தரமாட்டார். "உங்களுக்கு என்ன செய்தால் கொஞ்சம் இலேசாக இருக்கும் என்று தோன்றுகிறது?" என்பதுபோலத் திரும்பக் கேட்பார். வைத்தியரிடமும் ஐயரிடமும் பாதரிடமும் வழி கேட்டுப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது பதில் தெரியாதவர் பேச்சுப் போலப் படும். ஐந்து நிமிடத்தில் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அப்படி வைக்காதீர்கள். செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேரும் புத்திதான் சொல்லியிருப்பார்கள். "பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு", "நல்ல சாவுதானே, படுக்கையில் கிடக்கவில்லையே", "அழுதால் ஆத்மா சாந்தியடையாது." இவற்றுக்கு நடுவே, எதையும் திருத்தாமல் நாற்பது நிமிடம் கேட்கிற ஒருவர் கிடைப்பது பெரிய காரியம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான விசயம் வாயில் வரும்: கடைசி நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டது, காசு விசயத்தில் சண்டை பிடித்தது, ஐசியு கதவுக்கு வெளியே நின்றது.

அழைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. கைபேசியில் மின்னேற்றமும் காசும் இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் அறுந்தால் நீங்களேதான் திரும்ப எடுக்க வேண்டிவரும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் அறைக்கு அறை பேச்சுக் கேட்கும். மொட்டைமாடி, நிறுத்தி வைத்த வாகனம், ஆளில்லாத நேரத்துச் சமையலறை, இவற்றில் ஒன்றைத் தெரிந்துவையுங்கள். மூன்று வரியை ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள்: யார், எப்போது, எந்த நாள் பயமாக இருக்கிறது. "என்ர அப்பா காலமாகி ஏழு கிழமை. நத்தார் வருது. 24 ராத்திரியை நினைச்சா நெஞ்சு அடைக்குது." இவ்வளவு போதும். ஒவ்வொரு முறையும் வேறு தொண்டர் எடுக்கக்கூடும். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பது இத்தகைய சேவைகளின் உண்மையான குறை. அந்தத் தாள் அப்போதும் கைகொடுக்கும்.

அடுத்தது மொழி. எந்தச் சேவையாக இருந்தாலும் தமிழ் பேசுபவர் எல்லா நேரமும் அந்த மேசையில் இருப்பார் என்று எண்ணாதீர்கள். மறுமுனையில் சிங்களம் கேட்டால் "தெமளென் கதா கரன்ன புளுவந்த?" (தமிழில் பேச முடியுமா?) என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்த நாள், எத்தனை மணிக்குத் தமிழில் பேசுபவர் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுபவரும் துக்கத்தைத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் அழுவார். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று இந்த ஒரு விசயத்தில் மட்டும் நினைக்க வேண்டாம்.

1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும். அங்கொடை வைத்தியசாலையோடு சேர்ந்தது என்பதாலேயே எங்கள் சனம் தயங்கும். "அங்கொடை" என்ற சொல் கொழும்பில் எவ்வளவு காலமாக வசைச்சொல்லாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தயக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நித்திரையில்லாமல் இருந்துகொண்டு, நாலு நாளாகச் சாப்பிடவில்லை, கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இலக்கம் வேறில்லை. மருத்துவப் பக்கத்தோடு தொடர்புள்ள சேவை என்பதால், எந்த ஆஸ்பத்திரிக்கு, என்ன கொண்டுபோவது போன்ற கேள்விகளையும் கேட்கலாம். சிசிசி அறக்கட்டளையின் உளத்துணை இலக்கமான 1333 கட்டணமில்லா அழைப்பு, மூன்று மொழியிலும். ஒன்றில் இணைப்புக் கிடைக்காவிட்டால் மற்றதை எடுங்கள். மூன்று இலக்கத்தையும் கைபேசியில் இப்போதே சேமித்துவிடுங்கள். சேமிக்கும்போது 'உதவி' என்று தொடங்கும் பெயரில் வையுங்கள், தேடாமல் கிடைக்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது, வழியும் யோசித்துவிட்டார் என்று தெரிந்தால் உதவி இலக்கங்களோடு நிற்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அல்லது நேராக அரச ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஆளைத் தனியாக விடாதீர்கள். இத்தோடு சொந்தக்காரர் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. காலமானவரின் மருந்துப் பெட்டியை முதல் கிழமையிலேயே வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்சுலின், நித்திரைக் குளிசை, இதய நோய்க் குளிசை, வலிக்கு எழுதிக்கொடுத்த பலமான மருந்து எல்லாம் மாதக்கணக்கில் அலுமாரியில் கிடக்கும். நித்திரை வராத இரவில் மனைவியோ மகனோ அதில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியம். எடுத்துக்கொண்டுபோய் எப்படி அகற்றுவதென்று பார்மசியில் கேளுங்கள்.

வைத்தியரிடம் எப்போது போவது? அழுகை, பசியின்மை, அவர் குரல் கேட்பதுபோல இருப்பது, ஏழு மணிக்கு அவர் வரும் சத்தத்தை எதிர்பார்ப்பது, இவை முதல் மாதங்களில் வியப்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, குறைந்தது 6 மாதம் கடந்தும் துக்கம் அன்றாட வாழ்வை முடக்கிவைத்திருந்தால் அதை நீடித்த துக்கக் கோளாறாகப் பார்க்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்தத்தில் வளர்ந்தோருக்கு 12 மாதம். அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தாண்டி நிற்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறார்கள். ஆகவே ஆண்டுத் திவசம் வரை பொங்காத வீட்டுக்கு நோய் என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் நித்திரை முற்றாகக் கெட்டால், குடி கூடினால், நெஞ்சுவலி இருந்தால், சாகும் எண்ணம் வந்தால் எந்த மாதக்கணக்கும் பார்க்க வேண்டாம்.

வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு பக்கம். மற்றவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை. அரச கிளினிக்குகளில் கட்டணமில்லை, காத்திருப்புத்தான் உண்டு. தனியாரிடம் சானல் பண்ணுவதென்றால் டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் இலக்கம் எடுங்கள். கடைசிக் கிழமையில் பல வைத்தியர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். போகும்போது ஏற்கெனவே குடிக்கும் மருந்துகளின் உறைகளையும், காலமான திகதியையும், நித்திரை கொண்ட நேரங்களை ஒரு கிழமைக்குக் குறித்த தாளையும் கொண்டுபோங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் அழுகை வந்து பேச முடியாமல் போனால் அந்தத் தாள் பேசும்.

ஆலோசகர் யாராவது "நீங்கள் இப்போது மூன்றாவது கட்டத்தில் இருக்கிறீர்கள்" என்று அளந்து சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். துக்கத்தின் ஐந்து கட்டங்கள் என்று பரவியிருப்பது மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்லர் ரோஸ் 1969இல் எழுதியது. அவர் பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. ஆளை இழந்த குடும்பங்களை வைத்து எழுந்த படிமுறை அல்ல அது. டிசம்பருக்கு உண்மையில் உதவுவது துக்க ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த பார்வை. துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் வாழ்வின் பக்கமுமாகப் போய்வந்துகொண்டே இருப்பார். அந்தப் போய்வருதலே சுகம் தரும் என்பது அதன் சாரம். இதைப் பின்பற்றி 25ஆம் திகதியைப் பிரிக்கலாம். காலையில் ஒரு மணித்தியாலம் படத்துக்கு முன்னால் இருந்து அழலாம், அவருக்குப் பிடித்த பாட்டைப் போடலாம். பிறகு எழுந்து குளித்து, பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போகலாம். அங்கே சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். இரவு மறுபடி அழுகை வந்தால் அதுவும் சரி. நம்பிக்கை என்று நாங்கள் சொல்வது இந்தச் சின்ன அளவில்தான்: நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்க முடிகிறது, நாலு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை வருகிறது, அவர் பெயரைச் சொல்லும்போது அழுகையோடு ஒரு பழைய பகிடியும் நினைவுக்கு வருகிறது.

தேவாலயப் பக்கம் வந்தால், காலமானவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பது கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். பங்குப் பணிமனையில் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பீடத்தில் பெயர் பிழையாக வாசிக்கப்படுவது துக்க வீட்டுக்குப் பெரிய காயம். எந்தப் பூசை தமிழில் என்று கேட்டு அதையே எடுங்கள். நள்ளிரவுப் பூசைச் சனக்கூட்டம் தாங்க முடியாதென்றால் 25ஆம் திகதி காலைப் பூசை போதும். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கமாக இருந்தால் இடையில் எழுந்து போகலாம். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் அமைதி தேடிப் போவதென்றால் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். அது நவநாள், கூட்டம் நெருக்கும். நத்தாருக்கு முந்திய திருவருகைக்கால வளையத்தில் முதல் மெழுகுதிரியை நம்பிக்கையின் திரி என்று பல ஆலயங்களில் ஏற்றுவார்கள். நத்தார் மரம் வைக்க மனமில்லாத வீடு அந்த ஒரு வளையத்தை மட்டும் வைக்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மேலை நாட்டு ஆலயங்கள் சில டிசம்பர் 21ஐ ஒட்டித் துக்கத்தில் இருப்போருக்கென்று 'நீண்ட இரவு' வழிபாடு வைக்கின்றன. கொழும்பில் அந்த இரவுக்கும் மற்ற இரவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் மகளுக்கு அது உண்மையாகவே நீண்ட இரவு; ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும், செத்தவீட்டுக்கும் வர முடிந்திருக்காது. அவளையும் சேர்த்துக்கொள்ள மிக எளிய வழி ஒரே நேரத்தில் விளக்கேற்றுவது. கொழும்பில் பின்னேரம் 5 மணி என்றால் லண்டனில் காலை 11.30, ரொறன்ரோவில் காலை 6.30, சிட்னியில் இரவு 10.30. எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் இதைவிட்டால் குறைவு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்: விளக்கு, ஒரு தேவாரம் அல்லது செபம், ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு சம்பவம், அவ்வளவுதான். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கிடைக்காது. ஆகவே வயதில் குறைந்தவரிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு டிசம்பரின் இரண்டாவது ஞாயிறு ஒரு நாள் இருக்கிறது. 1969இல் இங்கிலாந்தில் உருவான கம்பாஷனேட் பிஃரெண்ட்ஸ் அமைப்பின் உலக மெழுகுதிரி நாள். அவரவர் ஊரில் இரவு 7 மணிக்கு ஒரு திரி ஏற்றினால் போதும். பதிவும் கட்டணமும் தேவையில்லை. ஒன்றையும் வாங்காமல், எங்கும் போகாமல், உலகம் முழுக்க இதே துக்கத்தில் இருப்பவர்களோடு சேர முடிகிறதென்பதால் இதை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்.

அயலவருக்கு ஒரு வார்த்தை. "ஏதாவது வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்பது உதவியல்ல; துக்கத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். "அக்கா, 25ஆம் திகதி மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவாறன், நாலு பேருக்கு, மரக்கறிதான்" என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோங்கள். துடக்கு வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டிக் கேளுங்கள். கேக்கும் பலகாரமும் வேண்டாம். சோறு, பருப்பு, ஒரு சொதி, இரவுக்கு இடியப்பம். பாத்திரம் திரும்ப வாங்க வேண்டிய தேவையில்லாத பெட்டியில் கொடுங்கள்.

இந்தச் சேவைகள் எல்லாவற்றிலும் நாங்கள் காணும் பெரிய இடைவெளி ஜனவரி. வெளிநாட்டு உறவுகள் பள்ளிக்கூடம் தொடங்குகிறதென்று முதல் கிழமையில் கட்டுநாயக்காவால் போய்விடுவார்கள். மலர்ச்சாலைக் கணக்கு, வங்கிக் கடிதம், மரணச் சான்றிதழ்ப் பிரதி என்ற வேலைகள் அப்போதுதான் குவியும். தைப்பொங்கல் 14 அல்லது 15ஆம் திகதி வந்து நிற்கும்; பக்கத்து வீட்டில் பால் பொங்கும். டிசம்பரில் ஒருமுறை அழைத்தவர் அந்த நாட்களில் மறுபடி அழைக்க வேண்டும். முதல் அழைப்பு முடியும்போதே, தமிழில் பேசுபவர் பொங்கலுக்கு முந்திய நாட்களில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு, வீட்டில் எல்லோரும் பார்க்கும் புதுக் கலண்டரில் அந்தத் திகதிக்கு நேரே இலக்கத்தோடு எழுதி மாட்டிவிடுங்கள்.